மூடிக்கு வைத்த முத்திரை

டிராக்டருடைய டீசல் டேங்கின் மூடி மறுபடியும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் பழகிய கை அது, கண் பார்த்து முடித்த பிறகுதான் தொடும். நேற்றுச் சாயங்காலம் மூடியின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடும், அதற்கு நேராக டேங்கின் கழுத்தில் இன்னொரு கோடும் போட்டு வைத்திருந்தாள். அப்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இப்போது மூடியின் கோடு எதிர்ப்பக்கம் போய், சண்டை போட்ட ஓரகத்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

மூடி தானாகத் திரும்பாது. காற்றுக்குத் திரும்பாது, பூனைக்கும் திரும்பாது. ஒரு கை வேண்டும். இந்த வீட்டில் அவளுடையதைத் தவிர ஆறு கைகள். மாமியாருடைய இரண்டும் மூட்டுவலியால் தைலப் புட்டியைக்கூடத் திறக்க மாட்டாமல் அடுத்தவரிடம் நீட்டுபவை. கணவனுடைய இரண்டும் விடிகிற நேரத்துக்கே பஸ் ஏறி டிக்கெட் கிழிக்கப் போய்விடும். ஊரே அவனைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும், கோபம் வந்தால் அவன் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். மிச்சம் இருப்பவை இரண்டு கைகள், கொழுந்தனுடையவை.

அவள் மூடியை இறுக்கினாள். உள்ளங்கை சிவக்கும் வரை இறுக்கினாள்.

டிராக்டர் அவளுடைய அப்பாவினுடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஒரே மகள் என்பதால் வண்டி அவளுக்கு வந்தது, அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், லாரியில். அதை ஏற்றிக்கொண்டுவரக் கொழுந்தன்தான் போயிருந்தான். குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன், வாடகை டிராக்டருக்காக ஒவ்வொரு பருவமும் ஊர் ஊராகக் கெஞ்சுபவன். சொந்த வண்டி வந்ததில் சந்தோஷப்படுவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ வண்டியை இறக்கி, அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றான்.

"அண்ணி, இத உழுறதுக்குக் கொண்டு வந்தோமா, இல்ல அடக்கம் பண்ணவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"நம்ம தராசுகிட்ட கேட்டா கிலோ கணக்குல நல்லா எடுத்துப்பாரு."

தராசு என்பது பழைய இரும்பு வாங்குபவரின் பட்டப்பெயர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் கண்ணாலேயே எடை போட்டுவிடுவார், மனிதர்களையும் சேர்த்து. அப்பாவின் வண்டியைக் கிலோவில் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"சில பேருக்கு அடுத்தவங்க பொருளுக்கு விலை வைக்கிறதே பொழப்பு," என்றாள்.

அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்க் குடம். ஆனால் அவனுக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அது மாமியார் வழியாக வரும். மாமியார் கண்ணில் படாவிட்டால் முற்றத்தில் மேய்கிற கோழியிடம் சொல்லுவான், அவள் காதில் விழுகிற மாதிரி. அவளும் கோழிக்குத்தான் பதில் சொல்லுவாள். அந்தக் கோழி அளவுக்கு விஷயம் தெரிந்த கோழி வேறெங்கும் இருந்திருக்காது.

வண்டியைத் தானே சரி செய்வதென்று அவள் முடிவு செய்தது ரோஷத்தில்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் கொழுந்தனுடைய சிநேகிதனாகத்தான் இருப்பான். அவளுக்கு டிராக்டரைப் பற்றி என்ன தெரியும்? முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம். அப்பாவின் பெட்டியில் கையேடு ஒன்று கிடைத்தது. முதல் பதினாறு பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. பதினேழாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பரிசோதனைக் கூடத்தில் மதியத்தோடு அவள் வேலை முடிந்துவிடும். பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கம், வந்து பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு கொட்டகையில் இரண்டு மணி நேரம்.

முதல் வாரம் பேட்டரி. அதன் முனைகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஏறியிருந்ததை வெந்நீர் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். சாவியைத் திருப்பினால் வண்டி 'கர் கர்' என்று முனகியது, பிடிக்கவில்லை. இரண்டாம் வாரம் டீசல் ஃபில்டர். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதைக் கழற்றினால் கீழே தண்ணீரும் மேலே டீசலுமாக இரண்டு அடுக்கு. ரத்தத்தைச் சுழலவிட்டு எடுத்தால் தெரிகிற அடுக்குகள் மாதிரியே இருந்தன. அவளுக்கு ஒரே குஷி. முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்த ஒன்று இந்த இரும்புக்குள் இருந்தது. அந்தத் தண்ணீரைச் சின்னப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, கொட்டகை ஜன்னலில் வைத்தாள்.

புது ஃபில்டர் போட்டாள். குழாய்க்குள் நின்ற காற்றை எடுத்தாள். திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழ் நின்று வெறும் டீசல் வரும் வரை காத்திருந்து மறுபடி இறுக்க வேண்டும். ஊசி போடுமுன் சிரிஞ்சிலிருந்து காற்றை விரட்டுகிற அதே வேலைதான். அப்புறம் சாவியைத் திருப்பினாள். வண்டி இரண்டு தடவை இருமி, கொட்டகை முழுக்கக் கறுப்புப் புகையைக் கக்கி, ஓட ஆரம்பித்தது.

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். "பரவாயில்லையே. சத்தத்துல உன் அப்பாவையும் மிஞ்சுது."

அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அவளாக நிறுத்திய பிறகுதான் நின்றது. துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது டேங்கின் மூடி அரைச் சுற்றுத் தளர்ந்திருப்பதை முதல் தடவையாகக் கவனித்தாள். உள்ளே தண்ணீர் இருந்தது, மூடியும் திறந்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்குதான் வரும். அவள் மூடியை நன்றாக இறுக்கினாள்.

அடுத்த நாள் வண்டி நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டது.

நோயாளி மூச்சுக்குத் திணறுகிற மாதிரி நான்கைந்து தடவை இழுத்து இழுத்து நின்றது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. ஒரு பாட்டில் பிடித்து வைத்தாள். காற்றை எடுத்தாள். கடைசியில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள், பாதகமில்லை. சாவியைத் திருப்பினால் ஓடியது. நிம்மதியாக மூடியை இறுக்கிவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் மூடி தளர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு ஓட்டினால் முப்பத்தைந்து நிமிடத்தில் நிற்கிறது.

தினமும் இதே கதை. அவள் இறுக்குவாள், யாரோ தளர்த்துவார்கள், வண்டி நிற்கும். நாற்பது முப்பத்தைந்தாகி, முப்பதாகி, இன்றைக்கு உள்ளங்கை சிவக்க இறுக்கிவிட்டு ஓட்டியதில் இருபத்தைந்தாக வந்து நின்றது. ஜன்னலில் ஐந்து பாட்டில்கள் சேர்ந்திருந்தன. முதல் பாட்டிலைத் தவிர மற்ற எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது அவள் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. 'கெட்டிக்காரன். தண்ணியக் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சதும் வேற எதையோ போடுறான்' என்று நினைத்தாள். ஓடுகிற நேரம் குறைந்துகொண்டே வருவதும் சரியாகப் பொருந்தியது. விஷம் வைப்பவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கூட்டுவான்.

கொழுந்தனுக்கு ஏன் வண்டி ஓடக் கூடாது என்பதற்கும் காரணம் இருந்தது. அவனுக்குக் கொட்டகை வேண்டும். முந்நூறு கோழிக்குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்திருந்தான், சனிக்கிழமை வருகின்றன. அதை வைத்துச் சோற்றுக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

"அம்மா, உன் மூத்த மருமககிட்ட கேளு. சனிக்கிழம அந்த வண்டி நிக்காம ஒரு மணி நேரம் ஓடுச்சுன்னா கொட்டகை வண்டிக்கு. நான் வெளியில மூங்கில்ல கூண்டு கட்டிக்கறேன். ஓடலன்னா தராசு வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"அத்தை, உங்க சின்ன மகன்கிட்ட சொல்லுங்க. எனக்குச் சம்மதம். ஆனா அதுவரைக்கும் வண்டி பக்கத்துல யார் நிழலும் விழக் கூடாது."

மாமியார் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேருக்கும் காது கேட்டுச்சுல்ல. தட்ட எடுங்க."

புதன்கிழமை அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். கொட்டகைக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தாள். கொழுந்தனும் தராசும் நின்றிருந்தார்கள். கொழுந்தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஏதோ அளவு காட்டிக்கொண்டிருந்தான். "சனிக்கிழமைக்குள்ள வேணும். அண்ணிக்குத் தெரிய வேணாம்," என்றான். தராசு தலையாட்டினார். அவளைக் கண்டதும் இருவரும் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னம்மா, வண்டி எப்படி இருக்கு?" என்றார் தராசு.

"எடை போட்டுட்டீங்களா?" என்றாள்.

"அதெல்லாம் வந்த அன்னிக்கே," என்று அவர் வெள்ளந்தியாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கொழுந்தனுடைய துண்டு கொடியில் கிடந்தது. போகிற போக்கில் மோந்து பார்த்தாள். டீசல் வாடை.

கண்டக்டர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அறைக் கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, உங்க தம்பிதான் வண்டியக் கெடுக்கிறாரு."

"அவனுக்கு வாய்தான் அப்படி. கை அப்படிக் கிடையாது."

"பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறாரு. தினமும் மூடி தொறந்திருக்கு. துண்டுல டீசல் வாடை. தராசுகூட ரகசியம். இதுக்கு மேல என்ன வேணும், அவரே எழுதிக் குடுக்கணுமா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தான். அது வெகு நேரம் அவிழவில்லை. "நீ ரிப்பேர் பண்றது வண்டியவா, அவனையா?"

"சிரிக்காதீங்க. எங்க லேபுக்கு மேல ரெண்டு ரூம் காலியா இருக்கு. சாவி வாங்கிட்டு வந்துட்டேன், பாக்கறதுக்கு. சனிக்கிழம அது நிரூபணம் ஆச்சுன்னா, ஞாயித்துக்கிழம நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. "ஒரு டேங்க் டீசலுக்காகவா?"

"டீசலுக்காக இல்ல. அப்பா பொருள ஒருத்தர் விஷம் வச்சுக் கொல்றாரு, அவரோட ஒரே பானையில சாப்பிட முடியாது."

சாவியை அவள் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே ஒரு சேதி சொன்னாள். "சின்னவன் சொல்றான், அந்த மூடிய அப்படி நெரிக்க வேணாமாம்."

அவள் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். மூடியைப் பற்றி அவள் கணவனைத் தவிர யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இறுக்குவது அவனுக்கு எப்படித் தெரியும்? தளர்த்துகிறவனுக்குத்தான் தெரியும். இறுக்கினால் அவனுக்கு ஏன் வலிக்கிறது?

வெள்ளிக்கிழமை பரிசோதனைக் கூடத்திலிருந்து அவள் அகலமான பிளாஸ்திரிச் சுருள் ஒன்றும், கெட்டியான பாலிதீன் உறையும் எடுத்து வந்தாள். போலீஸ் கேட்டு அனுப்புகிற மாதிரிகளுக்கு அவள்தான் முத்திரை வைப்பாள். முத்திரை இல்லாத மாதிரிக்கு மதிப்பில்லை என்பது அவள் தொழிலின் முதல் பாடம். டேங்கை விளிம்பு வரை நிரப்பினாள். வாய்க்கு மேல் பாலிதீனை இழுத்துப் பிடித்து, அதன் மேல் மூடியைத் திருகி, சுற்றிலும் மூன்று சுற்றுப் பிளாஸ்திரி ஒட்டினாள். தேதி, நேரம், கையெழுத்து. பிளாஸ்திரியைப் பிய்க்காமல் இனி எறும்பும் உள்ளே போக முடியாது.

கொழுந்தன் வைக்கோல் கட்டோடு அந்தப் பக்கம் வந்தான். டேங்கைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் கோழி பக்கம் திரும்பிவிட்டான்.

"பாத்தியா, டேங்குக்கு அடிபட்டிருச்சாம். கட்டுப் போட்டிருக்காங்க."

"மடியில கனம் இல்லாதவங்களுக்கு இதப் பாத்தா என்ன பயம்னு கேளு," என்றாள் அவளும் கோழியிடம். கோழி ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு இரண்டு பேரையும் விட்டுப் போனது.

சனிக்கிழமை கண்டக்டர் விடுப்பு எடுத்திருந்தான். சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக் கொட்டகைத் தூணில் மாட்டினான். தராசு லாரியோடும் சங்கிலியோடும் வந்து வேப்பமர நிழலில் நிறுத்தினார். மாமியாருக்கு நாற்காலி போட்டாயிற்று. மருமகள் முதலில் முத்திரையைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு நூல் பிரியவில்லை. கையெழுத்து கலையவில்லை. சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பில் பிடித்தது. "ரைட்," என்றான் கண்டக்டர், பழக்கதோஷத்தில்.

முதல் ஐந்து நிமிடம் இன்ஜின் சீராக ஓடியது. கொழுந்தன் தூணில் சாய்ந்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஏன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை? எந்த நிமிடம் நிற்கும் என்று தெரிந்தவனுக்குக் கடிகாரம் எதற்கு' என்று அவள் நினைத்தாள்.

பதினோராவது நிமிடத்தில் இன்ஜின் இழுத்தது. அவள் ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினாள். இரண்டு தடவை இருமியது. நின்றது. இதுவரை இல்லாத சீக்கிரத்தில்.

மாமியார் உச்சுக் கொட்டினாள். தராசு மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார். சங்கிலி தரையில் உரசுகிற சத்தம் அவளுடைய பல்லைக் கூசவைத்தது. அவள் இறங்கி ஜன்னலிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து டிராக்டரின் சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டில் வரிசையாக வைத்தாள்.

"அத்தை, நீங்களும் பாருங்க, இவரும் பாக்கட்டும். மொத நாள் தண்ணி. அடுத்த நாள்லேர்ந்து என்னமோ தெரியல, கண்ணுக்குத் தெரியாத எதையோ போட்டிருக்காரு. தினமும் மூடியத் தொறந்தது உங்க சின்ன மகன்தான். இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

கண்டக்டர் தம்பியைப் பார்த்தான்.

"தொறந்தேன்," என்றான் கொழுந்தன்.

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா நேத்துலேர்ந்து தொறக்கல," என்று அவன் தொடர்ந்தான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்துச் சொன்னான். "உங்க கட்டு அப்படியே இருக்கு அண்ணி. நான் தொடாத அன்னிக்கு இன்னும் நல்லால்ல ஓடியிருக்கணும்? ஏன் பதினோரு நிமிஷத்துல நின்னுச்சு?"

அவள் டேங்கைப் பார்த்தாள். முத்திரை முழுசாக இருந்தது. அவள் வைத்த சாட்சி, அவள் கையெழுத்து, அவளுக்கே எதிராகச் சாட்சி சொன்னது.

"அதுக்கு முன்னாடியே போட்டிருப்பீங்க."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று மாமியார் நாற்காலியிலிருந்து முணுமுணுத்தாள்.

"சரி, தொறங்க," என்றான் அவன். குரலில் கேலி இல்லை. "எல்லாரும் இருக்கும்போதே தொறங்க. என்ன போட்டிருக்கேன்னு பாத்துடலாம்."

இதற்கு முன்னால் வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் ஃபில்டரைக் கழற்றுவாள், பாட்டில் பிடிப்பாள், தேதி எழுதுவாள், அப்புறம் ஆற அமரத்தான் மூடிக்கு வருவாள். இன்றைக்கு நேராக மூடிக்குப் போனாள். சின்னக் கத்தரியால் பிளாஸ்திரியை வெட்டினாள். மூடியைத் திருகி எடுத்தாள்.

பாலிதீன் தட்டையாக இல்லை. நேற்று அவள் இழுத்துப் பிடித்து வைத்த தாள், இப்போது டேங்கின் வாய்க்குள் கிண்ணம் மாதிரிக் குழிந்து, உள்ளிருந்து யாரோ உறிஞ்சிப் பிடித்திருப்பதுபோல் விறைத்து நின்றது. அவள் கத்தரி முனையால் லேசாகக் குத்தினாள்.

'ஸ்ஸ்ஸ்' என்று டேங்க் காற்றை இழுத்தது. நீளமான மூச்சு. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் வெளியே வந்து இழுக்கிற மூச்சு.

அந்தச் சத்தம் என்னவென்று அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்ச வேண்டுமென்றால், முதலில் அதே அளவு காற்றை உள்ளே செலுத்த வேண்டும். இல்லையென்றால் குப்பி மருந்தைத் தராது, ஊசியோடு மல்லுக்கட்டும். வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் அவள்தான் அதைச் சொல்லிக் கொடுப்பாள். 'உள்ள காத்து போனாத்தான் வெளிய மருந்து வரும்மா.' பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறாள்.

டீசல் வெளியே போகப் போக உள்ளே காற்று போக வேண்டும். அவள் இறுக்க இறுக்க, வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது, இருபத்தைந்து, பதினொன்று. விஷம் வைத்தவள் அவளேதான்.

தராசு முன் அச்சில் சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்தார். மாமியார் நாற்காலியை மடக்கச் சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் இப்போது ஒன்றும் சொல்லாமல் மூடியை மேலோட்டமாக வைத்து, 'இன்னொரு தடவை பாக்கறேன்' என்று சாவியைத் திருப்பினால் போதும், வண்டி ஓடிவிடும். உள்ளே எதையோ சுத்தம் செய்த மாதிரி இருக்கும். பழி அவன் தலையிலேயே இருந்துவிடும். அந்த யோசனை வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது.

"தம்பி," என்றாள். "மூடிய எதுக்குத் தளர்த்தினீங்க?"

"உங்கப்பா வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாரு, லாரில ஏத்தும்போது. நெஜ மூடி எப்பவோ தொலைஞ்சு போச்சாம். அதுல சின்ன ஓட்டை இருக்குமாம், காத்துக்கு. இது ஏதோ தண்ணி டிரம் மூடி, ஓட்டை கிடையாது. உங்கப்பா எப்பவும் அரைச் சுத்து தளர்த்தித்தான் வச்சிருப்பாராம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கப்பா வண்டி, உங்களுக்குத் தெரியாததா, மறந்துட்டு இறுக்குறீங்கன்னு நெனச்சேன். காலையில தளர்த்தி விட்டா நீங்க மதியம் வந்து இறுக்குறீங்க. அப்புறம் அம்மா மூலமா சொல்லியும் விட்டேன். அதுக்குத்தான் கட்டுப் போட்டீங்க."

மாமியார் நிமிர்ந்தாள். "நான் சொன்னேனே. கீரை ஆயும்போது."

சங்கிலியை விட்டுவிட்டுத் தராசு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். பிரித்தால், துருவைத் தேய்த்து எடுத்த ஒரு பழைய டேங்க் மூடி. நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. "ரெண்டு வாரமா தேடச் சொல்லி உயிர எடுத்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சா வேணாம்னுடுவீங்களாம். காலையிலதான் கெடச்சுது."

"விலையும் கேட்டாருல்ல?" என்று அவள் வாயில் வந்துவிட்டது. பழகிப்போன சந்தேகம் உடனே அடங்குகிறதா.

"கேட்டாரே," என்றார் தராசு.

"கேட்டேன்," என்றான் கொழுந்தன். "பொய் சொல்ல மாட்டேன். ஓடலேன்னா வித்துடலாம்னுதான் இருந்தேன். ஓடினா மூடி வேணும். ரெண்டுக்கும் சொல்லி வச்சேன். என்ன தப்பு?"

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பாட்டில்களை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வண்டிய நிறுத்தினது நான்தான். மூடிய இறுக்கி மூச்ச அடைச்சது நான். தம்பி மேல அபாண்டமா பழி போட்டுட்டேன்."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"தம்பி, நான் உங்ககிட்ட..."

"மொதல்ல காத்த எடுத்து வண்டிய ஓட்டுங்க அண்ணி. மன்னிப்பையெல்லாம் கோழிகிட்ட சொல்லி அனுப்புங்க, வழக்கம்போல."

மாமியார்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் தராசு. அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஸ்பேனரை எடுத்துத் திருகைத் தளர்த்தினாள். கொழுந்தன் கைப்பம்பை அழுத்தினான். குமிழ் வந்தது, நுரை வந்தது, டீசல் வந்தது. ஓட்டை போட்ட மூடியை அவள் வைத்தாள், அவன் திருகினான். கண்டக்டர் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைத்தான்.

வண்டி ஓடியது. பத்து நிமிடம், பதினொன்று, இருபது. இருபத்தைந்தையும் தாண்டியது. நாற்பதைத் தாண்டியதும் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து, கணவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"திங்கக்கிழம போற வழியில இத லேப் மாடிக்காரங்ககிட்ட குடுத்துடுங்க."

இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சாவியை வாங்கி, விசிலோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அவளால் பொறுக்க முடியாமல், மூடி சரியாக இருக்கிறதா என்று மெல்ல எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் தூணிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். "கோடு போட்டுக்கங்க, பேனா தரட்டுமா?" என்றான்.

ஒரு மணி நேரம் ஆனதும் தராசு சங்கிலியைச் சுருட்டி லாரியில் எறிந்தார். அவர் போன தடம் மறைவதற்குள் குஞ்சு வண்டி வந்துவிட்டது. மூன்று அட்டைப் பெட்டிகள், உள்ளே ஒரே கீச்சுமூச்சு. கொட்டகை இனி டிராக்டருக்கு. மூங்கில் கூண்டுக்கு இன்னும் ஒரு குச்சிகூட வெட்டவில்லை. முந்நூறு குஞ்சுகளையும் வைத்துக்கொண்டு எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள்.

"மூத்தவ ரூம்தான் சூடா இருக்கும்," என்றாள் மாமியார். யாருக்கும் மறுத்துப் பேசத் தைரியம் வரவில்லை, குறிப்பாக மூத்தவளுக்கு.

அவள் ஒரு பெட்டியைத் தூக்கினாள். பக்கவாட்டில் வரிசையாக வட்ட ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மஞ்சள் அலகு. வழியில் ஈரம் பட்டு ஒரு மூலை பிரிந்திருந்தது. பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்தாள்.

"அண்ணி," என்றான் பின்னாலிருந்து கொழுந்தன், இன்னொரு பெட்டியோடு. "ஓட்டைய விட்டுட்டு ஒட்டுங்க."